ஒருவரின் சொல்லை நம்புவதா, உடல்மொழியை நம்புவதா?

பேச்சில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான், மீதமெல்லாம் உடல்மொழியும் குரலும் என்கிறார்களே, அப்படியானால் எதிரில் இருப்பவரின் சொற்களைவிட அவருடைய சைகைகளைத்தான் கவனிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை என்பதே என் உறுதியான பதில்.

இந்த எண் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனிகளில் ஒலிக்கச் செய்தும், முகப் படங்களோடு சேர்த்துக் காட்டியும், பேசுபவரின் மனத்தில் இருப்பது விருப்பா வெறுப்பா என்று அவர் கணிக்கச் சொன்னார். சொல், குரல், முகம் ஆகியவற்றுக்கு முறையே 7, 38, 55 என்ற பங்கீடு அங்கே பிறந்தது. உணர்ச்சிகளையும் மனப்பாங்கையும் வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அவரே பின்னர் தெளிவுபடுத்தியிருக்கிறார். மருந்தை எத்தனை வேளை உட்கொள்ள வேண்டும் என்பதை மருத்துவரின் முகத்திலிருந்து யாராலும் படித்துவிட முடியாது.

ஒரு குறிப்பின் பொருளை அது நிகழும் சூழல்தான் தீர்மானிக்கிறது. உயர்த்திய கட்டைவிரல் பல இடங்களில் ‘நன்று’ என்று பொருள்படும். ஆழ்கடலில் முக்குளிப்பவர்களுக்கோ அது ‘மேலே ஏறுவோம்’ என்பதைக் குறிக்கும். சொற்களுக்கும் இதே நிலைதான். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில், மூடுபனியால் ஒருவரையொருவர் காண முடியாத நிலையில், புறப்பாட்டில் இருப்பதாக ஒரு விமானி வானொலியில் கூறியதை, அவர் புறப்படக் காத்திருக்கிறார் என்று கட்டுப்பாட்டு அலுவலர் புரிந்துகொண்டு ‘ஓகே’ என்றார். தொடர்ந்து அவர் சொன்ன ‘காத்திருங்கள்’ என்பது, அதே நொடியில் குறுக்கிட்ட இன்னொரு வானொலிச் செய்தியால் தெளிவாகக் கேட்கவில்லை. இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அதற்குப் பின்னரே, ‘புறப்பாடு’ என்ற சொல்லைப் புறப்படும் அனுமதியை அளிக்கவோ திரும்பப் பெறவோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கண்டிப்பு வந்தது.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேலைக்கான நேர்காணல். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டும் தேர்வுக் குழுவினரோடு நானும் அமர்ந்திருக்கிறேன். அந்த முடிவை அநீதி என்றே கருதுகிறேன். மூத்தவர் முன்னிலையில் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை என்று கற்று வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணோடு கண் பார்ப்பதே பெரும் துன்பமாக இருக்கும் ஆட்டிச நிலையினரும் இருக்கிறார்கள். பொய்யைக் கண்டறியும் திறன் குறித்து, 24,000க்கும் மேற்பட்டோரின் கணிப்புகளைத் தொகுத்துச் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சரியான கணிப்புகள் ஏறத்தாழ 54 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் 50 கிடைக்கும்.

அப்படியானால் உடல்மொழியால் பயனே இல்லையா? நிச்சயமாக உண்டு, குறிப்பாக நோயாளியின் படுக்கையருகில். வலி இல்லை என்று சொல்லிக்கொண்டே, புரண்டு படுக்கும்போது முகத்தைச் சுளித்து மூச்சைப் பிடித்துக்கொள்பவரிடம் மறுபடியும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒருவரின் வழக்கமான நடத்தையை முதலில் அறிந்து, அதிலிருந்து அவர் எங்கே விலகுகிறார் என்று பார்ப்பதே பயன்தரும் வழி. எப்போதும் கையைக் கட்டியபடி பேசுபவர் இன்றும் கட்டியிருந்தால் அதில் செய்தி எதுவுமில்லை. கலகலப்பானவர் ஒரு குறிப்பிட்ட பெயரைக் கேட்டதும் அடங்கிப்போனால், அங்கே கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்பது நம் வேலை. விடை சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மௌனத்தைப் படிப்பதிலும் இதே கவனம் தேவை. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான சராசரி இடைவெளி ஏறத்தாழ 0.2 நொடி மட்டுமே. இவ்வளவு குறுகிய இடைவெளிக்குப் பழகிய காதுக்கு, காணொளி அழைப்பில் இணைய வேகத்தால் நேரும் சிறு தாமதம்கூடத் தயக்கமாகவோ விருப்பமின்மையாகவோ தோன்றிவிடும். அத்தகைய அழைப்புகளில் முக்கியமான கேள்வியைக் கேட்டபின் இரண்டு நொடிகள் பொறுத்திருங்கள். ஒப்புதலை ‘ஆம்’, ‘இல்லை’ என்று வாய்விட்டே சொல்லச் சொல்லுங்கள்.