வாடகை வீட்டில் அரைகுறை வேலை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் வசிக்கிறோம். மொட்டை மாடி ஒழுகுவதாகக் குடியிருப்பவர் சொன்னதால், தெரிந்தவர் மூலம் ஒரு மேஸ்திரியைப் பிடித்து, தளத்துக்கு வாட்டர்புரூஃப் பூச்சும், கம்பி தெரிந்த படுக்கையறைக் கூரைக்கு ஒட்டுப்பூச்சும் செய்ய வைத்தோம். பணத்தையும் முழுவதுமாகக் கொடுத்துவிட்டோம். அடுத்த பெருமழையிலேயே மீண்டும் ஒழுகுகிறது. புதிதாகப் பூசிய காரையும் விரிந்து நிற்கிறது. மேஸ்திரி போனை எடுப்பதில்லை. குடியிருப்பவர் வாடகையைக் குறைக்கச் சொல்கிறார். வேலை நடந்தபோது வீட்டிலேயே இருந்தவர் அதைக் கவனித்திருக்க வேண்டாமா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கவனித்திருக்க வேண்டியது அவருடைய கடமை அன்று. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளை, வாடகைதாரரால் நேர்ந்த சேதம் நீங்கலாக, உரிமையாளரின் பொறுப்பாகவே வைக்கிறது; குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பை எடுப்பது போன்ற சில்லறை வேலைகள்தாம் வாடகைதாரருடையவை. மேஸ்திரியோடு உங்களுக்குள்ள தகராறு தீரட்டும் என்று அவரைக் காத்திருக்கச் சொல்வது முறையாகாது. விரிந்த காரைக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். அந்த அறையைப் பயன்படுத்த முடியாத காலத்துக்கு வாடகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து.

கடலூர் போன்ற கடலோர ஊர்களில் இந்த ஒட்டுப்பூச்சு தோற்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. உப்புக்காற்றும் கசியும் நீரும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன; துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், காரையை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. அந்தத் துருவின் மேல் சிமென்ட்டை அப்பினால் பழுது மறையுமே தவிர நிற்காது. கம்பியின் பின்புறம் வரை தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவை முழுவதும் நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பழையதும் புதியதும் பிடித்துக்கொள்ளும் பூச்சைத் தடவி, அதன் பிறகே பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி வேண்டுமா என்பதை ஒரு சிவில் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். தளத்திலும் அப்படித்தான்: நீர் வடியும் வாட்டம் சரியில்லாமல், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும் மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியுள்ள இடுக்கையும் அடைக்காமல், ஈரமும் தூசியுமான பரப்பில் எந்த விலை உயர்ந்த பூச்சை அடித்தாலும் அது உரிந்துவிடும்.

ஆத்திரத்தில் உடனே வேறு ஆளை விட்டுப் பூச்சைப் பெயர்த்துவிடாதீர்கள். பெயர்த்தால் சான்றும் போய்விடும். ஆபத்தாகத் தொங்கும் காரையை மட்டும், படம் எடுத்தபின், இறக்கிவிடலாம். இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிறகு குறைகளைக் குறிப்பிட்டு, பதினைந்து நாளில் சரிசெய்து தரும்படி மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பிலும் தபாலிலும் எழுதுங்கள். பொருளை யார் வாங்கிக் கொடுத்தது என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். கூலிக்கு மட்டும் பேசி, மட்டமான பொருளை நீங்களே வாங்கித் தந்திருந்தால், முழுப் பழியையும் அவர் மேல் போட முடியாது.

அவர் வரவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தர வேண்டும். நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே தரலாம்; வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வாடகை வீடு என்பதால் இது வணிக நோக்கத்துக்கான வேலை, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அதனால், குடும்பத்தின் பூர்வீக வீடு என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த முறை தொகையைப் பிரித்துக் கொடுங்கள். கூரை தாங்கும் என்று இன்ஜினியர் சொன்னபின், நீர் வெளியேறும் வாய்களை அடைத்து, தளத்தில் ஓரங்குலத் தண்ணீரை 24 மணி நேரமாவது தேக்கி வைத்து, கீழே கசிவில்லை என்று பார்த்த பிறகே கடைசிப் பகுதி என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் இதற்கு மறுப்பதில்லை.

கேள்வி: புதுச்சேரியில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகு, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறது. அதைச் சரிசெய்யும் செலவை என் அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஆளை அனுப்பியவர் அவர், கூலி கொடுத்தவரும் அவர். அந்த வேலையின் குறைக்கு உங்கள் அட்வான்ஸைத் தொடுவது சரியன்று. மேலே சொன்ன தமிழ்நாட்டுச் சட்டம் புதுச்சேரிக்குப் பொருந்தாது. அங்கே 1969-ஆம் ஆண்டின் தனி வாடகைச் சட்டம் இருக்கிறது. எனவே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அதற்கு முன், வீட்டுக்காரரையும் கீழ்வீட்டாரையும் வைத்துக்கொண்டு, குளியலறைத் தரையின் நீர்ப்போக்கு வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். தேக்கியபோது ஈரம் கூடினால் பழுது தரையில் இருக்கிறது. தரையில் தண்ணீரே இல்லாதபோதும் கசிந்தால் குழாய் இணைப்பைச் சந்தேகிக்கலாம். கண்டதை நாளிட்டு எழுதி, மூவரும் கையெழுத்திடுங்கள்.