ஆர்கோ: பளிங்கில் ஏன் ஓட்டை?

அன்புள்ள ஐயா,

தரையில் நின்று, எஃகு வளைவின் முனையில் மேசைக்கு மேலே தொங்கும் இத்தாலியின் ஆர்கோ விளக்கின் பளிங்குக் கட்டையில் ஓர் ஓட்டை இருக்கிறதே, அது அழகுக்காகவா? அதே வடிவில் 20 கிலோ அடிக்கட்டையோடு ஒரு விளக்கு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

அழகுக்காக இல்லை. அந்த ஓட்டையில் ஒரு துடைப்பக் கம்பை நுழைத்து, ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் தூக்கலாம். கட்டையின் எடை சுமார் 65 கிலோ. முனைகளை மழுக்கியிருப்பதும் காலில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான்.

ஆக்கில்லே, பியர் ஜாக்கோமோ காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962இல் ஃப்ளாஸ் என்ற இத்தாலிய விளக்கு நிறுவனத்துக்காக இதை வடிவமைத்தார்கள். கூரையில் துளை போடாமல் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் விழ வேண்டும். பரிமாறுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் தாராளமாக நடக்கவும் வேண்டும். அப்படியானால் அடிக்கட்டை மேசையிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். எடைப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. கட்டையின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு சாண்கூடத் தேறாது. அதை 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டர் தள்ளித் தொங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் இந்தப் பக்கம் 20 கிலோ வேண்டும். எஃகு வளைவின் எடை தனி. முதலில் கான்கிரீட்டைத்தான் யோசித்தார்கள். அதே எடைக்குப் பளிங்கு இன்னும் சிறிதாக அடங்கும் என்பதால் இத்தாலியின் கராரா ஊர்ப் பளிங்குக்கு மாறினார்கள்.

நீங்கள் சொல்லும் 20 கிலோ எனக்குக் கவலை தருகிறது. வளைவு ஒன்றுக்குள் ஒன்று நகரும் மூன்று துண்டுகளால் ஆனது. அதை முழுக்க நீட்டி, முனையிலுள்ள விளக்குக் குடையைச் சுண்டுவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கட்டையின் பின்பக்கம் தரையைவிட்டு எழும்பினால் வாங்கவே வேண்டாம். குழந்தை ஒன்று பிடித்து இழுத்தால் போதும், சாய்ந்துவிடும்.

எதை வாங்கினாலும் முதலில் கட்டையை இடத்தில் வையுங்கள், பிறகு தண்டு, வளைவு, கடைசியில் குடை. இடம் மாற்றும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் பாரம் முழுவதும் அது கட்டையில் பொருந்தும் இடத்தில் விழுந்து, பிடிப்பு தளர்ந்துவிடும். குடையின் மேல்மூடியில் உள்ள துளைகள் சூடு வெளியேறுவதற்காக, அவற்றை அடைக்காதீர்கள்.

பளிங்கை எலுமிச்சை, புளி, வினிகர் எதனாலும் துடைக்கக் கூடாது. அமிலம் பளிங்கிலுள்ள சுண்ணாம்பை அரித்து, மினுக்கம் போய்த் திட்டுத் திட்டாக மங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.