எப்போதாவது வரும் பதில்

அன்புள்ள சார்,

எனக்கு 27 வயது. பெங்களூரில் வேலை. ஒன்றரை வருடம் முன்பு டேட்டிங் ஆப் மூலம் ஒருவர் அறிமுகமானார். நான்கைந்து முறை வெளியே போனோம். 'இப்போதைக்கு சீரியஸா எதுவும் வேண்டாம்' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பத்து நாள் பதிலே வராது. திடீரென்று ஒரு நள்ளிரவில் 'தூங்கிட்டியா?' என்பார். அதை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிடுவேன். அவருடைய லாஸ்ட் சீன் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாம் என்றார். அதற்காக நெல்லையில் என் நெருங்கிய தோழியின் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தேன். அவர் வரவில்லை. ஒருதலையானாலும் என் காதல் உண்மைதானே? பொறுமையாக இருந்தால் மாறுவாரா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் காதலைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருதலைக் காதலுக்கு நம் மொழியில் கைக்கிளை என்று தனிப் பெயரே உண்டு. தொல்காப்பியம் அதைப் பற்றிப் பேசும்போது 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்' என்கிறது. பதில் சொல் கிடைக்காதவன் தானே பேசி மகிழ்வது. அதில் ஓர் இன்பம் இருக்கிறது பாருங்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அந்த இன்பம் எங்கும் தென்படவில்லை. காத்திருப்பும் பயமும்தான் இருக்கின்றன.

பதிலே வராமல் இருந்திருந்தால் இரண்டு மாதம் அழுதுவிட்டு நீங்கள் எழுந்திருப்பீர்கள். எப்போதாவது வருகிறதே, அதுதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதைப் பார்த்தார். பொத்தானைக் கொத்தினால் தானியம் எப்போது விழும் என்று தெரியாதபடி வைத்த புறாக்கள், தானியம் நின்றுபோன பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தன. டாரதி டென்னாவ் என்ற உளவியலாளர் இந்தத் தவிப்புக்கு 'லிமரன்ஸ்' என்று பெயர் வைத்து, 1979-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கொஞ்சம் நம்பிக்கை, கொஞ்சம் சந்தேகம், இரண்டும் சேர்ந்தால் அது அணையாமல் எரியும் என்றார். நள்ளிரவு 'தூங்கிட்டியா?' இரண்டையும் ஒரே சொல்லில் கொடுத்துவிடுகிறது. நீங்கள் பலவீனமானவர் என்று நினைக்க வேண்டாம். யாருடைய மனமும் இதில் மாட்டும்.

புறநானூற்றின் 85-ஆம் பாட்டு நக்கண்ணையார் என்ற பெண் புலவருடையது, அதுவும் கைக்கிளைதான். அவர் விரும்பிய சோழன் பெருநற்கிள்ளி மற்போரில் வென்றான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர். நக்கண்ணையார் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டுப் பனையில் சாய்ந்து நின்று தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்கிறார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. நீங்களும் ஒருமுறை அப்படிப் பாருங்கள். லாஸ்ட் சீனில் தெரிவது அவர் போனைத் தொட்ட நேரம் மட்டும்தான். அவர் யார் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. அவர் மனதில் என்ன இருந்தது என்பது முதலிலேயே அவர் சொன்னதில் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மாறுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற மாட்டார் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். கடைசியாக ஒருமுறை பேச வேண்டும் என்று தோன்றினால் பகலில், நேராகக் கேளுங்கள்: 'நாம் சேர்ந்து இருக்க உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா?' ஆமாம் என்பதைத் தவிர எது வந்தாலும், மௌனம் வந்தாலும், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவருடைய போன் எண்ணை பிளாக் செய்யுங்கள். பழைய சாட் பதிவுகளையும் அழித்துவிடுங்கள், வைத்திருந்தால் ராத்திரியில் திறப்பீர்கள். முதல் சில வாரம் மிகக் கடினமாக இருக்கும், கை தானாகப் போனைத் தேடும். தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றால், அல்லது வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் இலவச எண் அது. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தோழியிடம் ஏன் வரவில்லை என்று சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லவில்லை என்றால், இந்த வாரக் கடைசியில் நெல்லைக்குப் பஸ் ஏறுங்கள். கல்யாண ஆல்பத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நடந்ததை அப்போது சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.