ஏறுமா இறங்குமா என்று கேட்காத கணிதம்

அன்புள்ள சார்,

திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். நிதிக் கணிதம் பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்தபிறகு குவாண்ட் வேலைக்கு, அதாவது நிதி நிறுவனங்களில் கணித மாடல் எழுதும் வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆனால் வீட்டில் பேச்செடுத்தாலே சண்டை. என் அண்ணன் பங்குச்சந்தையில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில்) பணத்தை விட்டவன். “அவன் விட்டது போதாதா, நீயும் சூதாட்டத்தைப் படிக்கப் போறியா?” என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்று, ஆன்லைனில் ஒரு கோர்ஸ் இருக்கிறது. கட்டணம் லட்சக்கணக்கில். முடித்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். சேரலாமா? என் கல்லூரிப் பெயரைப் பார்த்தால் யார் கூப்பிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் அப்பாவின் கோபம் நியாயமானது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அவற்றில் கடைசி ஆண்டில் லாபம் பார்த்தவர்கள் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் புரோக்கர் நிறுவனங்களும்தான். அவர்கள் லாபத்தில் பெரும்பகுதி அல்காரிதம், அதாவது தானாக வாங்கி விற்கும் கணினி நிரல், வழியாக வந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. அந்த அல்காரிதங்களை எழுதுவோரில் குவாண்ட்களும் உண்டு. உங்கள் அண்ணன் விட்ட பணத்தின் எதிர்ப்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்தத் துறையை உங்களுக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் நீங்கள் படிக்க ஆசைப்படும் கணிதம் வேறு. அப்பாவை உட்காரவைத்து இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு பங்கின் விலை இன்று 100 ரூபாய். நாளை 120 ஆகும், இல்லையென்றால் 90 ஆகும்; வேறு எதுவும் நடக்காது என்று வைத்துக்கொள்வோம். நாளை அதை 110 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை, அதாவது ஒரு கால் ஆப்ஷனை, ஒருவர் உங்களிடம் கேட்கிறார். என்ன விலை சொல்வீர்கள்? ஏறுவதற்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்கத்தான் முதலில் தோன்றும். அது தேவையே இல்லை. அவரிடம் 3 ரூபாய் 33 பைசா வாங்கிக்கொள்ளுங்கள். 30 ரூபாய் கடன் வாங்குங்கள். ஒரு நாள் வட்டியை விட்டுவிடலாம். இரண்டையும் சேர்த்து அந்தப் பங்கில் மூன்றில் ஒரு பாகத்தை வாங்கிவையுங்கள். நாளை விலை 120 ஆனால் உங்களிடம் இருப்பது 40. கடனை அடைத்தபின் மிச்சம் 10, வந்தவருக்குத் தரவேண்டியதும் சரியாக அந்த 10. விலை 90 ஆனால் இருப்பது 30. கடன் அடைந்துவிடும், அவருக்கு எதுவும் தரவேண்டியதில்லை. எது நடந்தாலும் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆகவே நியாய விலை 3.33. பங்கு ஏறும் என்று நீங்கள் நம்பினாலும் இறங்கும் என்று நான் நம்பினாலும் விலை மாறாது.

1973-ல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் செய்தது இதைத்தான். ஒரு நாளுக்குப் பதிலாக ஒவ்வொரு கணமும் இப்படிச் சரிக்கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். அதில் பிறந்ததுதான் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம். அதற்கு வேண்டிய நுண்கணிதத்தை ஜப்பானியக் கணிதவியலாளர் கியோஷி இட்டோ 1940களிலேயே, சந்தையைப் பற்றிய நினைப்பே இல்லாமல், உருவாக்கி வைத்திருந்தார். எனக்கு இந்தத் துறையில் பிடித்தது இந்த இடம்தான். ஜோசியம் சொல்ல மறுத்துவிட்டு, ‘நீ ஏற்றுக்கொண்டது இவ்வளவு, அப்படியானால் விலை இவ்வளவு’ என்று நிற்கும் இடம்.

ஏற்றுக்கொண்டது தப்பானால்? லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற நிதியத்தின் பங்குதாரர்களில் ஷோல்ஸும் மெர்ட்டனும் இருந்தார்கள். இருவருக்கும் 1997-ல் நோபல். மறு ஆண்டு ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தது. அந்த அதிர்ச்சியில் நிதியம் சரிந்து, அதைத் தாங்கிப் பிடிக்க 14 நிறுவனங்கள் 360 கோடி டாலருக்கும் மேல் போடவேண்டி வந்தது. அரிதாக நடப்பவை எவ்வளவு அரிது என்பதே ஒரு தனிக் கணிதம். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதனுக்கு 2007-ல் ஏபெல் பரிசு கிடைத்தது பெரும்பாலும் அதற்காகத்தான். அதை அவசியம் படியுங்கள்.

இதைவிடச் சின்னத் தப்பு ஒன்று உண்டு, உங்கள் வேலை அநேகமாக அங்கேதான் இருக்கும். 2012-ல் ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் போனது. நஷ்டத்துக்குக் காரணம் எடுத்த பொசிஷன்கள், அதாவது சந்தையில் வைத்த பந்தயங்கள். ஆனால் ஆபத்தைக் குறைத்துக் காட்டியது ஒரு எக்ஸெல் ஷீட். வங்கியே அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் அது இருக்கிறது: பழைய விகிதத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். கூட்டுத்தொகை சராசரியைப் போல இரண்டு மடங்கு, ஆகவே ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிந்தது. பள்ளிக்கூடக் கணக்கு! இப்படிக் கணக்குப் போடும் மாடலை எழுதியவரைச் சாராத ஒருவர் அதைச் சோதிக்கவேண்டும் என்று அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2011-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. அந்த வேலைக்குப் பெயர் மாடல் வேலிடேஷன். மும்பை, பெங்களூரு, சென்னையில் பன்னாட்டு வங்கிகளின் அலுவலகங்களில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. அதிவேக டிரேடிங் நிறுவனங்கள் ஐஐடி, ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), சிஎம்ஐ (சென்னைக் கணிதவியல் நிறுவனம்) என்று பெயர் பார்த்துத்தான் பெரும்பாலும் எடுக்கின்றன. அந்தக் கதவு உங்களுக்குக் குறுகலானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரிஸ்க், வேலிடேஷன் கதவு அதைவிட அகலம். நிகழ்தகவில் கைதேர்ந்து, எழுதியதை எளிய ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்தால் போதும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குப் பேச்சில் வரும் தயக்கம் ஆறு மாதப் பயிற்சியில் போகும். நிகழ்தகவுக்கு அடித்தளமான மெஷர் தியரியில் இருக்கும் ஓட்டை அவ்வளவு சீக்கிரம் அடையாது.

அந்தக் கோர்ஸில் சேராதீர்கள். வேலை நிச்சயம் என்று எந்தக் கோர்ஸும் சொல்ல முடியாது. கடன் வாங்கிக் கட்டினால் வீட்டுக்கு இது இரண்டாவது அடி. ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் ஐஐடி குவாஹாட்டி ஆசிரியரின் நிதிக் கணிதப் பாடம் இலவசமாகவே இருக்கிறது. நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜிப்ரா, அப்புறம் மார்ட்டிங்கேல், இட்டோ கால்குலஸ் என்ற வரிசையில் போங்கள். கூடவே பைத்தான்.

கையோடு ஒரு வேலையும் செய்யுங்கள். தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ-யின் தளத்தில் அதன் குறியீடான நிஃப்டியின் ஆப்ஷன் விலைகள் கிடைக்கும். ஒரே எக்ஸ்பைரியை (ஆப்ஷன் முடியும் தேதியை) எடுத்து, ஒவ்வொரு ஸ்ட்ரைக் விலைக்கும் (மேலே சொன்ன 110 போல) பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தைத் திருப்பிப்போட்டு இம்ப்ளைடு வாலட்டிலிட்டியை, அதாவது அந்த விலைக்குள் ஒளிந்திருக்கும் ஏற்ற இறக்க அளவைக் கணக்கிட்டு வரையுங்கள். சூத்திரத்தின் அனுமானம் சரியென்றால் கிடைமட்டக் கோடு வரவேண்டும். வராது. அமெரிக்காவில் 1987 அக்டோபர் சரிவுக்குப் பிறகு வளைந்த அந்தக் கோடு இன்றும் நிமிரவில்லை. நிஃப்டியில் எந்தப் பக்கம் வளைகிறது, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். நேர்முகத் தேர்வுக்கும் அதையே எடுத்துக்கொண்டு போகலாம்.