இன் என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களெல்லாம் எதிர்ப்பொருள் தருமா?

கடலூர் சிப்காட் பக்கம் போகும் டேங்கர்களில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறதே, விசிபிளுக்கு இன்விசிபிள் எதிர்ப்பதம் என்றால் இது ‘தீப்பிடிக்காது’ என்றுதானே ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. அது சட்டென்று பற்றிக்கொள்ளும் சரக்கு. தயவுசெய்து பக்கத்தில் நின்று பீடி பற்ற வைக்காதீர்கள். சிவப்பு வைர வடிவத்தில் தீச்சுடரும் 3 என்ற எண்ணும் இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும் திரவம். சொல் புரியாவிட்டாலும் அதைப் பாருங்கள்.

லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு ‘இன்’ வந்தன. ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பொருள், மற்றதற்கு ‘உள்ளே, மேலே’. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பிரித்தறிய, முன்னால் இருக்கும் ‘இன்’னைத் தொடாமல், முதலில் பின்னால் இருக்கும் ‘ஏபிள்’ளைக் கழற்றுங்கள். இன்ஃப்ளேமபிளில் மிஞ்சுவது இன்ஃப்ளேம், அதாவது தீமூட்டு. அந்த ‘இன்’ வினைச்சொல்லிலேயே இருக்கிறது, மறுப்பு அல்ல. இன்ஹேபிடபிளும் அப்படித்தான்: இன்ஹேபிட் என்றால் குடியிரு, ஆகவே குடியிருக்கத் தக்கது. இன்வேல்யுவபிளில் ‘இன்வேல்யூ’ என்றொரு வினையே கிடையாது. அங்கே ‘இன்’ மறுப்புத்தான். ஆனால் பொருள் ‘மதிப்பற்றது’ அல்ல, ‘விலை மதிக்க முடியாதது’.

இந்த வழி சறுக்கும் இடமும் உண்டு. இன்க்யூரபிளில் ‘ஏபிள்’ போனால் எழுத்துப்படி ‘இன்கர்’ நிற்கும். அது ‘வரவழைத்துக்கொள்’ என்ற வேறு வினை. தீராத நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மிஞ்சிய வினையின் பொருள் முழுச்சொல்லோடு ஒட்டுகிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதச் சொன்னது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே, எதிர்ப்பதம் நான்-ஃப்ளேமபிள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சிலும் ‘இன்ஃப்ளேமபிள்’ எரியும் பொருள்தான். எரியாததைச் சொல்ல முன்னால் இன்னொரு ‘இன்’ போடுவார்கள். ஆனால் ‘இன்ஹேபிடபிள்’ என்ற அதே எழுத்துகளுக்குப் பிரெஞ்சில் ‘குடியிருக்க முடியாதது’ என்று பொருள். ஆங்கிலத்துக்கு நேர் எதிர்.

இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாம் இதே ‘இன்’தான். மரம் + கள் மரங்கள் ஆவதுபோல அடுத்த எழுத்துக்கேற்பத் திரிகிறது. இங்கும் இரண்டு வகையும் உண்டு: இம்பாசிபிளில் மறுப்பு, இம்போர்ட்டில் ‘உள்ளே’.