பள்ளிக்கரணையில் பூநாரை ஏன் தென்படவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் மூன்றாம் வாரம் குடும்பத்தோடு பள்ளிக்கரணை சூழலியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். காலை பத்து மணிக்குப் போய் ஒரு மணி நேரம் நடந்தும் பூநாரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கும் தண்ணீர், தூரத்தில் கறுப்புப் புள்ளிகள். இரவல் வாங்கிய 10×50 பைனாகுலர் ஆடிக்கொண்டே இருந்தது. பறவைகள் குறைந்துவிட்டனவா, எங்கள் பக்கம்தான் தவறா?

கோ., வேளச்சேரி

அன்புள்ள கோ.,

எங்கும் தண்ணீர் என்கிறீர்களே, காரணம் அதுதான். பள்ளிக்கரணை போன்ற சதுப்புநிலத்தில் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை நீர்மட்டம் தீர்மானிக்கிறது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. வருகிற வேகத்தில் வடிவதில்லை. அதனால் வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில் சதுப்பு நிறைந்து கிடக்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் அரித்து உண்பது. அதற்குக் கால் ஊன்றும் ஆழம் வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகு, நீர் இறங்கிச் சேற்றுத் திட்டுகள் தெரியும்போது போய்ப் பாருங்கள். நெடுங்கால் உள்ளான்களும் அப்போது ஓரங்களில் நிறைய இருக்கும்.

டிசம்பர் வீண் என்று நினைக்க வேண்டாம், அது வாத்துகளின் காலம். நீங்கள் பார்த்த கறுப்புப் புள்ளிகளில் பாதியாவது நாமக்கோழியாக இருந்திருக்கும். உடல் கறுப்பு, நெற்றியும் அலகும் வெள்ளை, பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. சின்னதாக இருந்து, சட்டென முங்கி வேறிடத்தில் எழுந்தால் முக்குளிப்பான். கோரைக்குள் ஊதா உடலும் சிவப்பு அலகுமாக நடப்பது நீலத் தாழைக்கோழி. நீளவால் இலைக்கோழியிடம்தான் பலரும் ஏமாறுவார்கள். நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டுமே, குளிர்காலத்தில் அது இருக்காது. (முட்டையை அடைகாப்பது ஆண்!) மிதக்கும் கூட்டம் மொத்தமாக எழும்பினால் வாத்துகளை விட்டுவிட்டு மேலே பாருங்கள், பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து வந்திருக்கும்.

பத்து மணி ரொம்பத் தாமதம். வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பின் மேல் கானல் அலையும், எவ்வளவு நல்ல கண்ணாடியிலும் உருவம் கலங்கும். பூங்கா திறக்கும் நேரத்தை முதல்நாளே விசாரித்து, திறந்ததும் நுழைந்துவிடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

10× என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும். முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். சொந்தமாக வாங்குவதானால் 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். அது எடை குறைவு, பெரும்பாலும் பார்வைப் பரப்பும் அகலம். நடந்துகொண்டே தேடாமல் ஒரே இடத்தில் இருபது நிமிடம் நின்றால் கோரைக்குள் ஒளிந்தவை தாமாக வெளியே வரும். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். பாதையை விட்டுச் சேற்றில் இறங்கவும் வேண்டாம்.

குறைந்துவிட்டனவா என்பதற்கு ஒரு நாள் பார்வை சாட்சியாகாது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022-இல் 1,247.54 ஹெக்டேர் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்றது. அவ்வளவு பரப்பில் நீங்கள் பார்த்தது ஒரு மூலையைத்தான். மாதம் ஒருமுறை அதே இடம், அதே நேரம், அதே இருபது நிமிடம் என்று எண்ணி எழுதுங்கள். கூட்டம் பெரிதானால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அளவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அப்படி எத்தனை பத்து என்று பாருங்கள். பக்கத்தில் நீர்மட்டத்தையும் குறியுங்கள். ஏதாவது ஒரு கம்பமோ கல்லோ எவ்வளவு முங்கியிருக்கிறது என்றால்கூடப் போதும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும், முதல் பட்டியலை அதிலிருந்தே தொடங்கலாம்.