எஃப்30-ஆ, ஜி20-ஆ? இரண்டு தலைமுறை 3 சீரிஸ்: வாசகர் கேள்விகள்

செங்கல்பட்டுக்கு அருகில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் அசெம்பிள் ஆகிவரும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் பற்றித்தான் இந்த மாதம் கேள்விகள் அதிகம். பழையது எஃப்30: இங்கே 2012-ல் வந்தது, 2016 ஜனவரியில் ஃபேஸ்லிஃப்ட் (இடைக்காலப் புதுப்பிப்பு). புதியது ஜி20: 2019 ஆகஸ்டில் வந்தது. (மாநாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

கோயம்புத்தூர் வாசகர்: 78,000 கி.மீ. ஓடிய 2017 320டி ஒன்றும், 35,000 கி.மீ. ஓடிய 2020 330ஐ ஒன்றும் பார்த்திருக்கிறேன். மாதம் 700 கி.மீ. ஓட்டுவேன், பெரும்பாலும் ஊருக்குள். டீசல் வண்டியான 320டி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எதை எடுக்கலாம்?

பட்ஜெட் இடம் கொடுத்தால் 330ஐ. காரணம் புதுசு என்பதல்ல, நீங்கள் எழுதிய அந்த 700 கி.மீ.

முதலில் டீசலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 2016 ஃபேஸ்லிஃப்டுக்குப் பிறகு வந்த 320டி-யில் இருப்பது பி47 இன்ஜின். 190 பிஎச்பி திறன், 400 என்எம் இழுவிசை. அதற்கு முந்தைய என்47 டீசல் இன்ஜினைவிடச் சத்தமும் அதிர்வும் குறைவு. நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களுக்கு எஃப்30 வரிசையிலேயே இதுதான் சிறந்த வண்டி. ஆனால் காலையில் நாலு கி.மீ., மாலையில் நாலு கி.மீ. என்று ஓட்டினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. இஜிஆர் வால்விலும் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) இன்டேக் மேனிஃபோல்டிலும் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) கரி படியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி தயங்கி எழும், பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும். கழற்றிச் சுத்தம் செய்தாலும் ஓட்டும் முறை மாறாவிட்டால் திரும்ப வரும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இஜிஆர் கூலரில் கசியும் கூலன்ட், கரியோடு சேர்ந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதால் பிஎம்டபிள்யூ 2018-ல் உலக அளவில் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்த்த வண்டியின் சேசிஸ் எண்ணைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, அந்த வேலை பாக்கி இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். வெளியே சொட்டு எதுவும் தெரியாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

330ஐ-யில் இருப்பது பி48 பெட்ரோல். 258 பிஎச்பி, அதே 400 என்எம். டீசலின் இழுவையும் கிடைக்கும், சிக்னலில் நிற்கும்போது அமைதியும் கிடைக்கும். இதன் பலவீனம் பிளாஸ்டிக்: ஆயில் ஃபில்டர் ஹவுசிங், கூலன்ட் குழாய் இணைப்புகள், எக்ஸ்பேன்ஷன் டேங்க். நம் ஊர் வெயிலில் வருடங்கள் ஓடியபின் அவை இறுகி, மயிரிழைபோல் விரிசல் விடும். வண்டி நன்றாக ஆறிய பிறகு டேங்கின் மூடியையும் தையல் கோட்டையும், ஃபில்டர் ஹவுசிங்கின் அடிப்பகுதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல் தடம் இருந்தால் அங்கே கசிந்திருக்கிறது.

பேரம் பேசும் முன் தயாரிப்பு மாதத்தைச் சரிபாருங்கள். ஆர்.சி.யில் 2020 என்று இருக்கும் வண்டி 2019-ல் கட்டியதாக இருக்கலாம். ஓடோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். சாவியிலும் வேறு சில கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் கி.மீ. பதிவாகியிருக்கும். சர்வீஸ் சென்டரில் படிக்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

மதுரை வாசகர்: நண்பரின் எஃப்30 மெத்தென்று போகிறது. நான் எடுத்த ஜி20 (19 அங்குல வீல்) ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகுக்குச் சொல்கிறது. புது வண்டி பழையதைவிட மோசமா?

மோசமில்லை, கட்டியான வண்டி. எஃப்30-ல் வளைவில் உடம்பு சாயும், வேகத்தில் மேடு ஏறி இறங்கினால் ஒருமுறை கூடுதலாக ஆடி நிற்கும். அதைச் சரிசெய்யத்தான் ஜி20-ல் அடிப்படையையே மாற்றினார்கள். பாடி விறைப்பானது, முன் சக்கரங்களின் இடைவெளி 43 மி.மீ. கூடியது, ஷாக் அப்சார்பரின் அசைவு எல்லையை நெருங்கும்போது மட்டும் கூடுதலாகப் பிடித்து நிறுத்தும் ஹைட்ராலிக் அமைப்பு வந்தது. அதனால் பெரிய மேட்டை ஜி20 ஒரே அசைவில் முடித்துக்கொள்கிறது. சின்னச் சின்ன ஒட்டுகளும் கீறல்களும்தான் உள்ளே வருகின்றன.

உங்கள் விஷயத்தில் பாதிக் குற்றவாளி டயர். 19 அங்குலத்தில் வழக்கமாக முன்னால் 225/40, பின்னால் 255/35 (முதல் எண் மி.மீ.-ல் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது). பக்கச் சுவர் மிகக் குட்டை. அதுவும் ரன்ஃப்ளாட் என்றால் காற்றே இல்லாமல் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் வண்டியைத் தாங்க வேண்டும் என்பதற்காகப் பக்கச் சுவரை இறுக்கியிருப்பார்கள். பள்ளத்தில் விழுந்தால் அது வளையாது. ஒன்று முதுகுக்கு வரும், இல்லை டயரின் பக்கம் முட்டைபோல் புடைக்கும். புடைத்த டயரைப் பேட்ச் போட்டு ஓட்ட முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்று இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அந்த அளவுக்கு வையுங்கள். ‘ரன்ஃப்ளாட்தானே’ என்று கூடுதலாக அடித்துவிடும் பங்க்குகள் நிறைய. அதன் பிறகும் பொறுக்கவில்லை என்றால் 18 அங்குல வீலுக்கு இறங்குவதுதான் பெரிய வித்தியாசம் தரும். நான்கும் 225/45 ஆர்18 போட்டால் டயர்களை முன்பின் மாற்றி ஓட்டவும் முடியும்.

ரன்ஃப்ளாட்டிலிருந்து சாதாரண டயருக்கு மாறினால் நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். லோடு இன்டெக்ஸும் (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) வேகக் குறியீடும் பழைய டயருக்குக் குறையக் கூடாது. டிக்கியில் 12 வோல்ட் பம்ப்பும் பங்சர் கிட்டும் இருக்கட்டும். மாற்றிய பிறகு மெனுவில் டயர் பிரஷர் மானிட்டரை ரீசெட் செய்ய மறக்காதீர்கள்.

திருச்சி வாசகர்: டெல்லி பதிவு 2014 320டி, இங்குள்ள விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பாதி விலைக்கு முதல் காரணம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 உத்தரவு. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியைச் சாலையில் ஓட்டத் தடை விதித்தது அது. அங்கே விலை போகாத வண்டிகள் தெற்கே வருகின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். தாள்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி (தடையின்மைச் சான்று, படிவம் 28) கையில் வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பதிவு ரத்தாகிவிட்ட வண்டி என்றால் பேச்சே வேண்டாம். இங்கே கொண்டுவந்தபின் 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும், வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அந்த வரியை ஆர்டிஓவில் முன்கூட்டியே கேட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள். ‘பாதி விலை’ அவ்வளவு பாதியாக இருக்காது.

அடுத்து இன்ஜின். 2014 என்றால் என்47. இதன் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி) இன்ஜினுக்குப் பின்புறம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2011-க்கு முந்தைய என்47-களில்தான் செயின் தொல்லை கடுமை. எஃப்30-க்கு வந்தபோது குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. கெட்டுப்போனால் செயினின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலிதான் ஆளைச் சாய்க்கும்: இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். இரவு முழுக்க நிறுத்திய வண்டியை, பானட்டைத் தொட்டுச் சூடில்லை என்று உறுதிசெய்துகொண்டு, நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் கியர்பாக்ஸ் பக்கம் காது வைக்கட்டும். சங்கிலியை உரசுவதுபோல் கரகரப்பு 1,500 ஆர்பிஎம் வரை ஏறும்போதும் கேட்டால் வண்டியை வைத்துவிட்டு ரயில் ஏறுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ‘சூடு பண்ணி’ வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

சென்னை, வேளச்சேரி வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இந்த இரண்டு தலைமுறைகளுக்கும் தாழ்வான இடத்தில்தான் உயிர்நாடி. பேட்டரி டிக்கியின் வலப்பக்கத் தரைக்கடியில். கதவு, விளக்கு, சாவி எல்லாவற்றையும் ஆளும் யூனிட் முன்காலடி ஓரப் பலகைக்குள். முட்டளவுத் தண்ணீரே போதும். எனவே டிக்கித் தரையைத் தூக்கி, பேட்டரிக் குழியில் வண்டல் கோடு இருக்கிறதா பாருங்கள். நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். வழக்கமாகச் சுருட்டிக் கிடக்கும் பகுதியை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள், அங்கே மண்கறை தங்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தண்டவாளத் திருகுகளில் துரு பாருங்கள். காலடிக் கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். மேல்துணி காய்ந்திருந்தாலும் அடியிலுள்ள நுரைப்பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் வைத்திருக்கும்.

கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சைப் பூப்பு தெரியும். அன்று ஸ்கேனரில் பிழையே காட்டாவிட்டாலும் அந்தப் பச்சை தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். தனியாக டிக்கி மட்டும் ஈரமாக இருந்தால் டெயில் லேம்ப் ரப்பர் கசிவாகவும் இருக்கலாம், வெள்ளம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஈரோடு வாசகர்: கியர்பாக்ஸ் ஆயில் ‘வாழ்நாளுக்கும் போதும்’ என்கிறார்கள். எஃப்30 1,05,000 கி.மீ. ஓடிவிட்டது.

யாருடைய வாழ்நாள் என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு தலைமுறையிலும் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் குடும்பம்தான். அதைச் செய்த இசட்எஃப், 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. உங்களுக்கு இதுதான் நேரம்.

ஃபில்டர், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் பிளாஸ்டிக் தட்டோடு (பேன்) சேர்ந்தே வரும். பேனை முழுதாக மாற்ற வேண்டும், அலுமினியத் திருகுகளும் புதிதாக. பேன் காலப்போக்கில் வளைந்து ஓரத்தில் ஆயில் வியர்க்கும். மின் இணைப்பு நுழையும் இடத்தின் சீலும் கசியக்கூடியது, திறந்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள். வடிவது மொத்த ஆயிலில் பாதிக்கு மேல்தான், டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் பாகம்) உள்ளது வெளியே வராது.

தவறு நடப்பது அளவு பார்ப்பதில். வண்டி லிஃப்டில் சமமாக நிற்க வேண்டும். வழியும் வரை ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே மறுபடி ஊற்ற வேண்டும். ஆர், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்த வேண்டும். ஸ்கேனரில் ஆயில் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் ஊற்றும் துளையில் மெல்லிய தாரையாக வழிந்தால் அளவு சரி. சூடு 60 ஆன பிறகு பார்த்தால் ஆயில் விரிந்து வழியும், நிறைந்துவிட்டது என்று மூடிவிடுவார்கள், உண்மையில் குறைவாக இருக்கும். ‘மாற்றியபின் கியர் உதறுகிறது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சேலம் வாசகர்: அப்பா, அம்மா பின்னால் உட்கார வேண்டும். ஜி20 பெரிதாமே?

வீல்பேஸ் 2,810-லிருந்து 2,851 மி.மீ. ஆனது. அந்த 41 மி.மீ. முட்டிக்குக் கொஞ்சம் இடம் தரும். தாழ்வான இருக்கையும் தரையின் நடுவில் மேடாக உயர்ந்த டனலும் அப்படியேதான். முட்டிவலி உள்ளவர்களுக்கு இறங்குவது இரண்டிலும் சிரமம். 2021-ல் வந்த, 3 சீரிஸின் நீளமான வடிவமான கிரான் லிமோசினைப் பாருங்கள்: வீல்பேஸ் 2,961. வாங்கும் முன் இருவரையும் ஷோரூமுக்கு அழைத்துச் சென்று நாலுமுறை ஏறி இறங்க வையுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: எஃப்30-ல் வெளியில் பேட்டரி மாற்றினேன். ஆறு மாதத்தில் மறுபடி எச்சரிக்கை வருகிறது.

பேட்டரியைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். பழைய பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்து, அதன் வயதுக்கு ஏற்பச் சார்ஜ் செய்துகொண்டிருக்கிறது வண்டி. ஸ்கேனரில் பதிவு செய்யப் பத்து நிமிடம் ஆகும். ஆம்பியர் அளவோ வகையோ மாறியிருந்தால் கோடிங்கும் (வண்டியின் கணினியில் அந்த விவரத்தை மாற்றி எழுதுவது) வேண்டும். ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி வகை) இருந்த இடத்தில் சாதாரண பேட்டரி போட்டிருந்தால் பதிவு செய்தாலும் நீடிக்காது, ஏஜிஎம்மே வாங்குங்கள். ஜி20-க்கும் இதே விதி.